செனேவா வீட்டுக்குப் போன தேன்

“வண்டியைப் பின்னாடி எடுங்க!”

கியாலோ திரும்பிப் பார்த்தான். பக்கத்து வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்... முதலில் தெரிந்தது கண்கள்தான். பெரிய, கறுத்த, கோபமான கண்கள். அந்தக் கோபம் தன் மேல்தான் என்று புரியவே அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“என்னையா சொல்றீங்க?”

“இல்ல, அந்தச் சிவிங்கிப்புலியைச் சொல்றேன்! எண்ணத் தெரியுமா, தெரியாதா? ஏற்கெனவே அஞ்சு வண்டி நிக்குது. நீங்க ஆறாவது. அஞ்சுக்கு மேல நிக்கக் கூடாது. ஆளுக்குப் பத்து நிமிஷம், வரிசையில காத்திருந்துதான் வரணும். சாவோ பக்கம் இதெல்லாம் கிடையாதா?”

“நான் சாவோன்னு உங்களுக்கு எப்படி...?”

“கதவுல சாவோக் காட்டுச் செம்மண்ணு இன்னும் போகல.”

கரையான் புற்றின் மேல் தாய்ப்புலி உட்கார்ந்திருந்தது. மூன்று குட்டிகள் அதன் வாலைப் பிடித்து விளையாடின. கியாலோவின் வண்டியில் இருந்த விருந்தாளிகள் கேமராவும் கையுமாக எம்பி எம்பிப் பார்த்தார்கள். அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான். வண்டி மட்டும்தான் பின்னால் போனது... மனசு அந்த ஜன்னல் ஓரமே நின்றுவிட்டது!

அவள் பெயர் செனேவா. மசாய் இனத்துப் பெண். கென்யாவின் மாராக் காட்டில் சஃபாரி வண்டி ஓட்டும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் இவள் கண் தனி. புல்லுக்குள் ஒரு காது நுனி அசைந்தால் போதும், “சிங்கம், அதுவும் பொண்ணு” என்று சொல்லிவிடுவாள். அவள் ரேடியோவில் இடம் சொன்னால் நாங்கள் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்புவோம். முதலில் போய் நிற்பது எப்போதும் கியாலோவாக இருந்தது.

மிருகம் இருக்கிற இடத்தில் யாரும் கீழே இறங்க முடியாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் ஜன்னல் பேச்சுதான். எதிரெதிர் திசையில் வண்டிகளை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் முகத்தைப் பார்த்துப் பேசுவோம்.

“மறுபடியும் வந்துட்டீங்களா? அடுத்தவ தேடிப் பிடிச்ச இடத்துல கழுதைப்புலி மாதிரி வந்து நிக்கிறீங்களே... வெட்கமா இல்ல?”

“கழுதைப்புலியைக் கேவலமாப் பேசாதீங்க மேடம். அது சொந்தமா வேட்டையாடும். பாதி நேரம் சிங்கம்தான் அதுகிட்ட பிடுங்கித் தின்னுது.”

“ஓஹோ... அப்போ நான் பிடுங்கித் தின்றேனா?”

“என் தூக்கத்தைத் தின்றீங்க,” என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். கம்பா இனத்துக்காரன் ஒருவன் மசாய்ப் பெண்ணிடம் அவ்வளவு லேசில் அதைச் சொல்லிவிட முடியுமா என்ன? அந்தக் காலத்தில் மாட்டுக்காக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்ட இரண்டு சாதி சனம்!

நவம்பர் மழை வந்தது. வானம் கறுத்து, புல்வெளி முழுக்க ஒரே சாம்பல் நிறம்... கரிசல் மண்ணில் கியாலோவின் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. கூப்பிடு தூரத்தில் ஒரு காட்டெருமையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன நான்கு சிங்கங்கள். ரேடியோவில் அவன் குரல் கேட்டு வந்து சேர்ந்தாள் செனேவா. சிங்கங்களுக்கும் அவன் வண்டிக்கும் நடுவில் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

“இந்தப் பக்கமா இறங்கி கயித்தைக் கட்டுங்க. நான் அதுங்களைப் பார்த்துக்கறேன்.”

அவன் முழங்கால் சேற்றில் இறங்கினான். அவள் கண் இமைக்காமல் சிங்கங்களையே பார்த்தாள். மழை அவள் புருவத்தில் விழுந்து கன்னத்தில் வழிந்தது... துடைக்கக்கூட இல்லை.

“சீக்கிரம்! ஒண்ணு எழுந்து நிக்குது.”

“கை நடுங்குது...”

“சிங்கத்துக்குப் பயந்தா?”

“அது இல்ல. இன்னைக்குத்தான் முதல் தடவையா உங்க முன்னாடி நின்னு பேசுறேன்... அதான்.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கியாலோ கயிற்றைத் தப்பாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினான்.

விடுப்பில் ஊருக்குப் போய் வந்தவன், ஜன்னல் வழியாக ஒரு பாட்டில் தேனை நீட்டினான். “எங்கம்மா வச்சிருக்கிற கூட்டுத் தேன். உங்க அம்மாவுக்குக் கொடுங்க.”

செனேவாவுக்கு மூச்சே நின்றுபோனது!

மசாய் வீட்டில் பெண் கேட்டு வருகிறவன் முதலில் அனுப்புவது தேன்தான். பெண்ணின் தாய்க்கு அனுப்புவான். தாய் அதைப் பாலில் கலந்து, சுற்றுவட்டப் பெண்களைக் கூப்பிட்டு எல்லாருமாகக் குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

‘எவ்வளவு சாதாரணமா நீட்டுறான்... இந்தக் கழுதைப்புலிக்கு இவ்வளவு தைரியமா!’ அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அவள் கையாகவே இல்லை.

“கம்பாக்காரனா?” என்று முகம் சுளித்த அம்மா, விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். “ம்... தேன் நல்லாத்தான் இருக்கு.” மறுநாளே பெண்கள் கூடிக் குடித்துவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவனைப் பார்த்தபோது அவள் புது மணிமாலை போட்டிருந்தாள். தலை தானாகக் குனிந்தது. ஆனால் அவன் வெள்ளந்தியாகக் கேட்டான்:

“தேன் எப்படி? எங்க சமையல்காரர், மெக்கானிக், ரேஞ்சர்னு எல்லாருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தேன். எல்லாருமே நல்லா இருக்குன்னாங்க.”

எல்லாருக்கும்... ஆளுக்கொரு பாட்டில்...

செனேவா அவனைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்ததா, நெருப்பு இருந்ததா? அவனுக்குத் தெரியவில்லை. வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவன் வந்தால் அவள் நகர்ந்துவிடுவாள். காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ‘நீங்க சும்மா கொடுத்ததை நான் கல்யாணம்னு நினைச்சுட்டேன்’ என்று சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். வீட்டிலோ அம்மா நச்சரித்தாள். “அவங்க வீட்டு ஆளுங்க எப்போடி வர்றாங்க?” “வருவாங்கம்மா...” மார்ச் கடைசியில் மழைக்காக, கியாலோ வேலை பார்க்கிற முகாமை மூடுவார்கள். அவன் சாவோவுக்கே போய்விடுவான். தேனைக் குடிக்க வைத்துவிட்டு ஒருத்தன் ஓடிப்போன பெண் என்று ஊர் பேசும். பேசட்டும்... அதுகூட இல்லை அவள் துக்கம். இனி எந்த ஜன்னலில் அந்த முகத்தைப் பார்ப்பது?

கியாலோ மட்டும் சுகமாகவா இருந்தான்? என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே மூன்று மாதம் கருகினான். கடைசி வாரம் பர்முவாட் என்கிற மசாய் ஓட்டுநர் ஒருவன் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

“என்ன மாப்ளே, தேனை அனுப்பிட்டு ஆளையே காணோம்? அவங்க வீட்டுப் பொம்பளைங்க குடிச்சு மூணு மாசமாச்சு. எப்போ கல்யாணம்?”

அந்தத் தேனுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று கியாலோவுக்கு அப்போதுதான் புரிந்தது.

முகாமின் கடைசி நாள். புல்வெளியில் அதே தாய்ப்புலி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பதுங்கியிருந்தது. எதிரே மான்கள். ஐந்து வண்டிகள் நின்றன. கியாலோ தூரத்தில் வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் செனேவாவின் ஜன்னலை ஒட்டி நிறுத்தினான். அவளால் நகர முடியவில்லை. விருந்தாளிகள் வேட்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“காலையில உங்க வீட்டுக்குப் போனேன்,” என்றான் மெல்ல.

“எதுக்கு?”

“எனக்கு உங்க வழக்கம் தெரியாதுன்னு உங்க அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன். ‘தேனைத் திருப்பிக் கேக்க வந்தியா?’ன்னாங்க. ‘இல்லம்மா, அது பத்துமா, இன்னும் கொண்டு வரணுமா’ன்னேன். அதுக்கு அவங்க, ‘குடிச்சது நாங்க. அவ குடிக்கல. அவகிட்ட கேளு’ன்னு சொல்லிட்டாங்க.”

செனேவா ஸ்டீயரிங்கையே பார்த்தபடி கேட்டாள். “என் பேரு கெட்டுப் போயிடுமேன்னு பரிதாபப்பட்டு வந்தீங்களா? அப்படி ஒண்ணும் நீங்க எனக்கு...”

“பரிதாபமா!” அவன் குரல் உடைந்தது. “அஞ்சு மாசமா என் விருந்தாளிங்களுக்கு நான் என்னத்தைக் காட்டினேன்னே தெரியல, செனேவா. உங்க வண்டி எங்க நிக்குதுன்னு தேடித் தேடித்தான் போனேன். அங்க சிங்கம் இருந்துச்சுன்னா அது அவங்க அதிர்ஷ்டம். நீங்க நகர்ந்து போன மூணு மாசமும் இந்தக் காடே எனக்கு வெறும் புல்லு. நீங்க இல்லாம சாவோவுல நான் எப்படி...”

இரண்டு வண்டியிலும் ஒரே கூச்சல்! தாய்ப்புலி பாய்ந்து, மானைத் துரத்தி, வளைந்து, புழுதி கிளப்பி... எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வயதான விருந்தாளி செனேவாவின் தோளைத் தட்டினார்.

“பிடிச்சிடுச்சா? புழுதியில எனக்குத் தெரியல. நீங்க பார்த்தீங்கள்ல?”

செனேவா திரும்பாமலே சொன்னாள். “இல்ல... நான் பார்க்கல.”

மாராவின் கண் என்று நாங்கள் சொல்கிற செனேவா பார்க்கவில்லையாம்! கியாலோவின் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. ரேடியோவில் அடுத்த வண்டி முறை கேட்டுக் கத்தியது. பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. அவன் நகரவில்லை.

“பதில் சொல்லாம நான் வண்டியை எடுக்க மாட்டேன்.”

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. “கோபத்துல பேசாம இருந்தேனே... அந்த மூணு மாசமும் ரேடியோவுல நான் எந்த இடத்தைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்லுவேன். கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். எதுக்கு?”

“ஒரு தடவை எல்லாருக்கும்... இன்னொரு தடவை, உங்களுக்குக் கேக்காமப் போயிடுமோன்னு.”