பிழையைத் திரும்ப வரவழைக்கும் முறை

பெட்டிகள் மெதுவாக மறைந்துகொண்டிருந்தன. தமிழரசுவுக்கு அதுதான் உறுத்தியது. அவன் எழுதிய மென்பொருளில் எதுவும் மெதுவாக நடக்காது. ஒரு பெட்டியை அழித்தால் அதுவும், அதோடு கோடு போட்டு இணைத்த மற்ற பெட்டிகளும் கண் இமைப்பதற்குள் போய்விடும், அந்த வேகத்தில் அவனுக்கு ஊர்ப்பட்ட பெருமை உண்டு. இந்தக் கோப்பில் மட்டும் திரையின் ஓரத்தில் இருந்த ஒரு பெட்டி, ஈரத்துணியால் துடைத்த சிலேட்டைப் போல முதலில் ஒரு பக்கம் வெளுத்தது, பிறகு நடுவிலிருந்த பெயர் வெளுத்தது, கடைசியில் அதிலிருந்து கிளம்பிய கோட்டின் வழியாக அந்த வெளுப்பு அடுத்த பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சிவெயில். அஸ்தம்பட்டி வீட்டின் மாடி அறையில் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தது. கீழே சமையலறையிலிருந்து தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிய ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை படியேறி வந்து, மூடிய கதவின் அடியில் நுழைந்து, அவன் பசியைக் கிளறியது. மனைவி தனப்பிரியாவின் அண்ணன் சுவாமிநாதன் சங்ககிரியிலிருந்து காலையிலேயே கறியோடு வந்து இறங்கியிருந்தார். லாரி ஓட்டி லாரி வாங்கிய மனிதர். அவர் சிரித்தால் ஏற்காடு ரோட்டுக்கே கேட்கும். ஆறு வயது மகள் இலக்கியா அவர் மடியில் ஏறிக்கொண்டு கீச்சிடுவதும், கரண்டி சட்டியில் தட்டுவதும் மாடிவரை வந்தன.

மென்பொருளின் பெயர் முடிச்சு. ஒரு டேட்டாபேஸில் எந்தத் தகவல் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பெட்டியும் கோடுமாக வரைந்து காட்டும் கருவி. இலவசம்தான்; அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். பயன்படுத்துகிறவர்கள் குறை இருந்தால் ஒரு பொதுப் பக்கத்தில் எழுதுவார்கள், தமிழரசு பதில் எழுதுவான். பதில் என்றால் அடிதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் என்று அவர்களைச் சொல்லுவான், அவன் வைத்த குத்தலை வேடிக்கை பார்க்கவே அந்தப் பக்கத்துக்கு நாலு பேர் வருவார்கள். அலுவலகத்தில் மேலாளரிடம் வாய் திறக்காதவனுக்கு இங்கே நாக்கு ஒரு முழம்.

திருச்செங்கோட்டுப் பெரியவர் தங்கசாமியும் போன வருடம் அப்படி வந்து மாட்டியவர்தான். திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறவர். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, ஆளுக்கொரு பெட்டி, உறவுக்கொரு கோடு என்று முடிச்சில் வரைந்துவைத்திருந்தார். அவர் எழுதிய குறை இப்படி இருந்தது:

“வணக்கமுங்க சாமி. செத்துப்போன பங்காளி ஒருத்தர் பெட்டியை அழிச்சனுங்க. அவரோட சேர்ந்ததெல்லாம் கூடவே போயிருச்சுங்க. என்ற சம்சாரம் சென்னியம்மாள் பெட்டியும் போயிருச்சுங்க. பெட்டி போனாப் பரவால்லைங்க, ஊட்டுலயும் ஆளைக் காணோமுங்க. அக்கம்பக்கத்துல கேட்டா உங்களுக்குக் கண்ணாலமே ஆகலையேங்கறாங்க. அழிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கற மாதிரியும், அழிச்சதைத் திருப்பி எடுக்கற மாதிரியும் செஞ்சு குடுக்கோணுமுங்க.”

தமிழரசு கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்த கையோடு பதில் போட்டான். “இது பிழை அல்ல. அப்படித்தான் வேலை செய்யும். சம்சாரம் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவும். இல்லை, பிழைதான் என்று சாதிப்பதானால், அது திரும்ப வருகிற முறையைப் படிப்படியாக எழுதிக் கோப்போடு அனுப்பவும்.” அதன் கீழே சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்தன.

பெரியவர் கோபப்படவில்லை. “சரிங்க சாமி, அப்படியே செய்யறனுங்க” என்றார். அதன் கீழே இன்னொரு வரி. “சாமிக்கு எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க? பொண்ணு எடுத்தது எந்தப் பக்கமுங்க?”

கொங்குச் சீமையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். பஸ்ஸில் சீட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட இதைக் கேட்டு, மாமன் மச்சான் என்று தெரிந்துகொண்டு இறங்குவார்கள். இவனும் சொன்னான். ஊர், கூட்டம் என்று சொல்லும் குலம், மாமனார் வீடு சங்ககிரிப் பக்கம், தனக்கு ஒரே மகள். அடித்த அடிக்கு மருந்து தடவுகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னான், மறந்தும் போனான்.

இன்று காலை அந்தக் கோப்பு வந்திருந்தது. கூடவே, கேட்டபடி, பிழை திரும்ப வருகிற முறை. கோப்பைத் திறக்கவும். இடது ஓரத்தில் பழனியம்மாள் என்ற பெட்டியை அழிக்கவும். பொறுத்திருக்கவும். அடியில், விசிட்டிங் கார்டு மாதிரி, தங்கசாமியின் செல்போன் எண்.

செய்து பார்க்காமல் குத்த முடியாது, அது இந்த வேலையின் முறை. பழனியம்மாள் யாரென்றே தெரியாமல் அழித்துவிட்டு, இப்போது பதிலைத் தட்டிக்கொண்டிருந்தான். ‘மெதுவாக இருப்பது என் கருவி அல்ல, உங்கள்...’ என்று எழுதும்போதே கண் திரைக்குப் போனது. வெளுப்பு ஒரு கோட்டில் ஊர்ந்து அடுத்த பெட்டியைத் தொட்டது. அந்தப் பெட்டியின் மேல் பெயர்: சுவாமிநாதன். கீழே சின்ன எழுத்தில்: சங்ககிரி, லாரி.

சங்ககிரியில் கல்லெறிந்தால் லாரிக்காரர் மேல்தான் விழும், அதில் எத்தனை சுவாமிநாதன் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கீழே மச்சான் சிரிக்கத் தொடங்கியிருந்தார், அடிவயிற்றிலிருந்து உருண்டு வருகிற அந்தச் சிரிப்பு, கூடவே இலக்கியாவின் கீச்சு. பெட்டியின் ஓரம் வெளுத்தது. பெயர் வெளுத்தது.

சிரிப்பு நின்றது.

சிரித்து முடித்து நின்றதில்லை அது. பாதியில், மூச்சு இழுக்கிற இடத்தில், இல்லாமல் போனது. தமிழரசு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மின்விசிறி ஓடியது. தெருவில் ஒரு ஸ்கூட்டி போனது. வேறு ஏதோ ஒன்றும் மாறியிருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சினான். கறிக்குழம்பு வாசனை இல்லை. புளியும் பூண்டும் கொதிக்கிற ரச வாசனை வந்தது.

படியில் இறங்கினான். கூடத்தில் இலக்கியா தரையில் உட்கார்ந்து, ஒற்றையாகப் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். வாசலில் மச்சானின் தோல் செருப்பு கிடந்த இடத்தில் வெயில் கிடந்தது.

“மச்சான் எங்க பிரியா?”

“எந்த மச்சான்?” தனப்பிரியா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

“உங்கண்ணன்தான். கறி வாங்கிட்டு வந்தாரல்ல.”

அவள் திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறானா என்று முகத்தில் தேடினாள். “ஏனுங்க, நான் ஒத்தைப் பொண்ணுங்க. வெயில்ல உக்காந்து உக்காந்து என்னமோ ஆயிப்போச்சு உங்களுக்கு. ரசமும் அப்பளமும்தான், இறங்கி வந்து சாப்புடுங்க.”

அடுப்பில் ஒரே பாத்திரம். கறிச்சட்டி இல்லை. சுவரில், கல்யாணப் படத்தில், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் மீசையோடு நின்றவர் இடத்தில் பந்தல் கால் தெரிந்தது.

தமிழரசு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான். திரையில் சுவாமிநாதன் பெட்டி இருந்த இடம் வெள்ளை. அங்கிருந்து ஒரு கோடு. கோட்டின் முனையில் தனப்பிரியா. அவளிலிருந்து ஒரு கோடு தமிழரசுவுக்கு, இன்னொரு கோடு இலக்கியாவுக்கு. இலக்கியாவிலிருந்து ஒன்று தமிழரசுவுக்கு. போன வருடம் பெரியவர் கேட்டு வாங்கிய உறவுமுறையெல்லாம் பெட்டிகளாகியிருந்தது.

வெளுப்பு கோட்டில் பாதி தூரம் வந்திருந்தது.

கருவியை மூடினான். திறந்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாதியில் நின்ற வேலையை மறுபடி திறந்ததும் முடித்துவைக்கும் வசதி, அவனே எழுதியது. கணினியையே அணைத்துப் போட்டுத் திறந்தான். வெளுப்பு இன்னும் கொஞ்சம் முன்னே வந்திருந்தது. அழித்ததைத் திருப்பி எடுக்கும் பொத்தானைக் கை தேடியது. அது இல்லை. கேட்டவரைச் சிரித்து அனுப்பினானே, எப்படி இருக்கும்?

போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினான். விரல் வழுக்கியது.

“சொல்லுங்க சாமி.” எடுத்த குரல் நிதானமாக, மரியாதையாக இருந்தது. “பிழை வந்துதுங்களா?”

“நிறுத்துங்க ஐயா. உங்க கால்ல விழறேன். இதை எப்படி நிறுத்தறது?”

“எனக்கெப்படித் தெரியுமுங்க? அதைத்தானுங்க நான் உங்ககிட்டக் கேட்டேன்.”

“என் பொண்டாட்டி கீழ இருக்கறாங்க. என் கொழந்தை...”

“என்ற சம்சாரமும் அன்னைக்கு அடுப்படியிலதானுங்க இருந்தா. காப்பி கொண்டாரேன்னா.” அவர் பின்னால் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது, வேறு சத்தமே இல்லாத வீடு அது. “எனக்குன்னு பெட்டி போடலைங்க, அதனால மிஞ்சிட்டனுங்க. அழிச்சவனுக்கு மட்டும் நெனப்பு இருக்குமுங்க. மத்த யாருக்கும் இருக்காது. ஊரே சிரிச்சுதுங்க சாமி, நீங்க சிரிச்சாப்பலயே. தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தானுங்க தெரியும்.”

“தெரியாம எழுதிட்டேன், மன்னிச்சிருங்க!”

“இது பிழை இல்லைங்க சாமி,” என்றார் தங்கசாமி. “அப்படித்தான் வேலை செய்யும்.” வைத்துவிட்டார்.

“ஏனுங்க!” கீழேயிருந்து தனப்பிரியா. “சோறு ஆறுது, வாரீங்களா இல்லையா?”

“வாரேன்,” என்றான். இறங்கி ஓடி அவளைக் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டிருக்கும்போதே கை வெறுமையாகும். அதற்கப்புறம் இலக்கியா.

தனப்பிரியா பெட்டியின் இடது ஓரம் வெளுக்கத் தொடங்கியது.

பெட்டி போனால் போகட்டும், கோட்டை வெட்டலாம். கோடு இல்லாவிட்டால் அது தாண்ட முடியாது. முதலில் மகள். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருந்த கோட்டின் மேல் அழுத்தினான். ‘இந்த உறவை நீக்கவா? நிச்சயமா?’ என்று கருவி கேட்டது. பெட்டிக்குக் கேட்காத கேள்வியைக் கோட்டுக்குக் கேட்க வைத்திருந்தான், மடையன். நீக்கு.

கீழே இலக்கியாவின் குரல். “ஏனுங்க, தண்ணி குடுங்க.”

அம்மாவிடம் அவள் அப்படிக் கேட்கமாட்டாள்.

“அட,” என்றாள் தனப்பிரியா, அன்பாக, அந்நியமாக. “யாரூட்டுப் புள்ள கண்ணு நீ? எப்படி உள்ள வந்தே?”

அடுத்தது தனக்கும் அவளுக்குமான கோடு. அதை வெட்டினால் தானும் மகளும் மிஞ்சலாம். அழுத்தினான். கோடு நகரவில்லை. மறுபடி அழுத்தினான். அதன் முனை ஏற்கெனவே வெளுத்துப்போயிருந்தது.

கீழே ஒரு டம்ளர் விழவில்லை. யாரும் கத்தவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் பாதியில் நின்றது. ரச வாசனை போனது. பூட்டிக் கிடந்த வீட்டின் புழுதி வாசனை வந்தது.

வெளுப்பு இனி அவனுக்கு வரும். அவனிலிருந்து இலக்கியாவுக்கு.

ஒரே கோடு மிச்சம்.

அதன் மேல் சொடுக்கினான். ‘இந்த உறவை நீக்கவா? நிச்சயமா?’

நிச்சயமா.

அழுத்தினான்.

படியில் காலடி. சின்னக் கால். ஒவ்வொரு படியாக நின்று நின்று. கதவு திறந்தது. கையில் பொம்மையோடு ஒரு சிறுமி. வியர்வையில் நெற்றியில் ஒட்டிய முடி. இடது புருவத்தில் தழும்பு, நடை பழகும்போது விழுந்தது. அவனுக்கு அது தெரியும். இன்னும் தெரியும். அவள் அறையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அழவில்லை. ஊரில் எல்லோரும் புது ஆளைக் கேட்பதைத்தான் கேட்டாள்.

“ஏனுங்க, இது யாரூடுங்க?”

சொல்ல வாயெடுத்தான்.

“நீங்க யாருங்க? எந்த ஊருங்க?”

வாயைத் திறந்தான். ஊர்ப் பெயர் வரவில்லை. தேடினான். கூட்டம் வரவில்லை. அந்தப் புருவத்துத் தழும்பு எதனாலோ. எதனாலோ.

திரையில் ஒரு பெட்டியின் ஓரம் வெளுத்தது.

பெயர் வெளுத்தது.

மின்விசிறிக்குக் கீழே காலி நாற்காலி மெதுவாக அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. கதவருகே சிறுமி பதிலுக்குக் காத்து நின்றாள். வெள்ளைத் திரையின் நடுவில், எதோடும் கோடு இல்லாமல், ஒற்றைப் பெட்டியாக இலக்கியா.