மஞ்சள் அம்பு

அகமதாபாத்தில் அந்த மே மாத மதியங்களில் மருத்துவமனை வாசலில் நிற்கக்கூட இடமில்லை. கொரோனாவில் பிழைத்தவர்களைக் கரும்பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஜிகிஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஸ்கேன் படங்களைப் பார்க்கும் நிலவறைக்கு இறங்கினாள். அங்கே படம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்ஜரி செத்துப் பதினான்கு நாள். அவளுடைய நாற்காலி இனி ஜிகிஷாவுக்கு.

கூடப் படித்தவள்தான், கூடவே வேலைக்குச் சேர்ந்தவள்தான். ஆனாலும் எந்தச் சர்ஜன் வந்தாலும் நிர்ஜரி பார்த்தாச்சா என்றுதான் கேட்பார். பத்து வருடம் அதைக் கேட்டுக் கேட்டு ஜிகிஷாவுக்கு வயிறு எரிந்தது. சாவுச் செய்தி வந்ததும் அழுதாள். அழுகைக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

முதல் படத்தைத் திறந்தாள். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் மூக்கின் உயிருள்ள சதை வெள்ளையாக ஒளிரும். பூஞ்சை கொன்ற சதை கறுப்பாகவே கிடக்கும். இதில் கடுகளவு கறுப்புதான். அவளாக இருந்தால் தாண்டிப் போயிருப்பாள்.

அதன்மேல் ஒரு மஞ்சள் அம்பு நின்றது.

டெக்னீஷியன் ஜயந்திபாய் எட்டிப் பார்த்து வெளிறிப்போனார்.

"நாம எல்லாரும் சிவப்புதான் போடுவோம், ஜிகிஷாபென். மஞ்சள் நிர்ஜரிபென் போடுறது."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அம்பை அழித்துவிட்டு, தானே கண்டுபிடித்ததாக அறிக்கை எழுதினாள் ஜிகிஷா. நோயாளியின் கண் தப்பியது. சர்ஜன் வோரா நிலவறைக்கே வந்து பாராட்டினார். நிர்ஜரிக்கு அப்புறம் இப்படியொரு பார்வையை எதிர்பார்க்கவில்லையாம். பாராட்டிலும் அவள்தான் முன்னால் வந்து நின்றாள்.

அம்புகள் தினமும் வந்தன. மூன்று வாரத்தில் ஜிகிஷா படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அம்பை மட்டும் தேடினாள்.

ஒரு காலை பல் தேய்க்கும்போது இடது கன்னம் மரத்துக் கிடந்தது. மூக்கைச் சிந்தினால் கறுப்புப் பொருக்கு வந்தது. ஏப்ரலில் அவளுக்கும் கொரோனா வந்து, ஸ்டீராய்டு போட்டு, சர்க்கரை எகிறியிருந்தது. நேரே போய் ஸ்கேன் மெஷினில் படுத்தாள்.

படத்தில் அம்பு இல்லை.

அவளுக்கு உயிர் வந்தது. வோரா சாரிடமும் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றார் ஜயந்திபாய்.

"என்னைவிட அவருக்குத் தெரியுமா?" என்று சிரித்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தன் படத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் இமை தொங்கிவிட்டது. விழி அசையவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். உள்ளே அழுகல் வாடை. அதே படத்தை மறுபடி திறந்தாள்.

மூக்கில் ஒரு மஞ்சள் அம்பு.

கன்னத்தில் ஒன்று.

கண்குழியில் ஒன்று. அம்பு காட்டிய இடமெல்லாம் அன்றைக்கே கறுத்துத்தான் இருந்தது. அவள்தான் பார்க்கவில்லை.

"ஏண்டி அன்னைக்கே சொல்லல?" என்று கிசுகிசுத்தாள்.

யாரும் தொடாமல் மவுஸ் நகர்ந்தது. மூளையின் ஓரத்தில் இன்னொரு அம்பு வந்து நின்றது.

அந்த இடம் இன்னும் கறுக்கவில்லை.