உள்ளேன் ஐயா

பதிவில் இரண்டு இருமல்கள் இருந்தன. டீச்சர் இருமியதோ ஒரு தடவைதான்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள். தவளைகள், இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் தண்ணீர், எங்கோ முறியும் சுள்ளி, நடுவில் அவளுடைய இருமல். அதன்பின் காடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. அப்புறம் அதே இருமல், சற்றுத் தள்ளி, சற்று ஈரமாக. குரலைக் காப்பியடிக்கிற ஏதோ பறவை என்று நினைத்தாள். பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. காலமெல்லாம் ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தியவளுக்கு, தானே ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள இதுவரை எதுவும் கிடைத்ததில்லை.

மழைக்காட்டைப் படிப்பதற்காகக் கடல் தாண்டி வந்திருந்த ஆசிரியர் குழு அது. ஆய்வு நிலையம் என்பது தகரக் கூரை போட்ட மரக்கட்டடம். எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு, எங்கே போனாலும் காயாத காலுறையின் வாடை. காட்டுக்குள் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கொரு சதுரம். மாலையில் அதில் தனியாக உட்கார்ந்து காட்டின் சத்தங்களைப் பதிவுசெய்ய வேண்டும். விதி ஒன்றுதான்: வாயைத் திறக்கக் கூடாது. மனிதக் குரல் விழுந்தால் பதிவு கெட்டுவிடும் என்றார் நிலைய அதிகாரி. பேசிப் பேசியே பிழைப்பு நடத்துகிறவர்களிடம் போய் இதைச் சொன்னால் நடக்கிற காரியமா?

மறுநாள் சதுரத்தில் உட்கார்ந்திருந்தபோது மகள் நினைவு வந்தது. அப்பா இல்லாத பிள்ளை. சித்தி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பியபோது அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. சாயங்காலம் முற்றத்துக்குப் போனால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அப்போது என்ன சொல்வது என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். "கண்ணு, அம்மா சீக்கிரம் வந்துருவேன்."

"கண்ணு," என்றது மரத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று. "அம்மா சீக்..."

வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். ஆனால் பாதியில் நிற்கும் வாக்கியத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியாது.

"முழுசா சொல்லு. அம்மா சீக்கிரம் வந்துருவேன். எங்க, சொல்லு பாப்போம்."

"அம்மா சீக்கிரம் வந்துருவே."

"வந்துருவேன். கடைசில முழுங்காத."

அது அவசரப்பட்டு இரண்டு தடவை உளறியது. வகுப்பில் செய்வதுபோல் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றாள். உடனே அடங்கியது. இவ்வளவு அடக்கமான பிள்ளை தனக்கு வாய்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டாள். இலைகளின் இடைவெளியில் எட்டிப் பார்த்தாள். பறவை எதுவும் தெரியவில்லை. அடிமரத்தில் மட்டும், ஒரு ஆள் உயரத்துக்கு, பாசி வழித்தெடுத்தாற்போல் இருந்தது.

மாலைதோறும் முற்றத்தில் கணக்கு சார் வருகை எடுப்பார். யார் பெயரையும் சொல்ல மாட்டார், பாடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "தமிழ்! வரலாறு! அறிவியல்!" அவள் சின்னப் பிள்ளைபோல் குரலை இழுத்து "உள்ளேன் ஐயா!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்குக் குரல் உடைந்து வந்தது.

"தொண்டை கட்டிடுச்சா மேடம்?"

"ஈரக் காத்து சார். சரியாயிடும்."

சரியாகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அதற்கு "உள்ளேன் ஐயா" கற்றுக்கொடுத்தாள், "அம்மா வந்துட்டே இருக்கேன்" கற்றுக்கொடுத்தாள். அது தெளியத் தெளிய இவள் தொண்டை அடைத்துக்கொண்டே போனது. வெந்நீர் குடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். போனில் மகள், "அம்மா, நீ பேசினா யாரோ பேசற மாதிரி இருக்கு," என்று அழுதாள்.  டீச்சருக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் அது சொல்வதில் ஒரு வாக்கியம் இன்னும் பிசிறடித்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

நிலையத்துச் சமையல்காரம்மா யாரிடமும் பேச மாட்டாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள். விசில் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். டீச்சர் ஒருநாள் அதற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவள் விசிலை ஊதிக்கொண்டே காட்டுக்குள் ஓடிவந்து, வெங்காய வாடை அடிக்கும் கையால் டீச்சரின் வாயைப் பொத்தினாள். நகம் கன்னத்தைக் கீறியது. டீச்சர் நேராக அதிகாரியிடம் போனாள்.

"அந்தம்மாவ இனிமே காட்டுப் பக்கம் விடாதீங்க. பைத்தியமா அவங்க?"

"பாவம் மேடம். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு குழுவோட வந்தவங்கன்னு கேள்வி. ஊருக்குத் தகவல் சொன்னா, அவங்கதான் பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்களேன்னு சொல்றாங்களாம். அப்போ இவங்க யாருன்னு தெரியல. நல்லா சமைக்கிறாங்க, வச்சிருக்கோம்." அதிகாரி சிரித்தார். டீச்சரும் சிரித்தாள். அன்றிலிருந்து விசில் அக்கா அடுப்படியை விட்டு நகரவில்லை.

கடைசி நாள். பெட்டிகளை வேனில் ஏற்றியாயிற்று. பொழுது சாய்வதற்குள்ளேயே மழை காட்டை இருட்டாக்கியிருந்தது. ரெக்கார்டரை எடுத்து வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு டீச்சர் சதுரத்துக்குப் போனாள். புழுக்கம் தாங்காமல் மழைக்கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினாள். போன் அதன் பையில் இருந்தது. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"கண்ணு, அம்மா வந்துட்டே இருக்கேன்."

பிசிறே இல்லை. அவளுடைய கொஞ்சல், அவளுடைய மூச்சு. சபாஷ் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். அதுவும் இல்லை.

"சபாஷ்," என்றது அது.

அந்தச் சொல்லை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

திரும்பினாள். கிளையில் கோட்டு இல்லை. சேற்றில் அவளுடைய செருப்புத் தடம். பக்கத்தில் இன்னொரு தடம். நீள விரல்கள். நிலையத்தைப் பார்த்துப் போயிருந்தது.

ஓடினாள். வேர் தடுக்கியது. கணுக்கால் மடங்கியது. கத்தினாள். சத்தமில்லை. மழையின் சத்தம் மட்டும். தவழ்ந்தாள்.

முற்றத்து விளிம்பை எட்டியபோது வேன் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே வெளிச்சம், கண்ணாடியெல்லாம் ஆவி. முன் ஜன்னல் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

"தமிழ்! வரலாறு! அறிவியல்!"

"உள்ளேன் ஐயா!"

வேனே சிரித்தது. "தொண்டை சரியாயிடுச்சே மேடம்! கோட்டக் கழட்டுங்க, நனைஞ்சிருக்கு பாருங்க."

போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள். கண்ணு, என்றது அவள் குரல், அம்மா வந்துட்டே இருக்கேன். அந்தப் பக்கம் பிள்ளை சந்தோஷத்தில் கத்துவது இங்கே வரை கேட்டது.

டீச்சர் சேற்றில் கிடந்தாள். விசில் அக்கா அடுப்படி வாசலிலிருந்து இறங்கி வந்தாள். அவசரப்படவில்லை. குனிந்து, தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி டீச்சர் கழுத்தில் மாட்டினாள்.

டீச்சர் ஊதினாள். நெஞ்சு வெடிக்க ஊதினாள்.

"விசில் அக்கா டாட்டா காட்றாங்க பாருங்க," என்றார் கணக்கு சார். எல்லோரும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இருட்டைப் பார்த்துக் கையசைத்தார்கள். வேன் நகர்ந்தது. இன்னும் ஊதினாள்.

கடைசி வரிசையில் மழைக்கோட்டின் தொப்பி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், வாய் இருக்க வேண்டிய இடத்தில், நீளமான ஒரு விரலை வைத்து அழுத்தியது.

உஷ்.