மூணாவது தடவை

பின்னறையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"அன்பு."

சிறிது இடைவெளி. மறுபடி, "அன்பு."

அன்பு அசையவில்லை. மடியில் விடைத்தாள்கள் கிடந்தன. சிவப்புப் பேனாவைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்தபடி மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தான். வராது என்று தெரியும். மூன்று வருடமாக வந்ததில்லை. வராதது உறுதியானதும் பேனாவை இறக்கி, ஒரு விடைக்கு இரண்டு மதிப்பெண் போட்டான். அப்புறம்தான் நினைவு வந்தது. அப்பா இந்த வீட்டில் இல்லை. போய்ப் பதினோரு நாளாகிறது.

மனைவி சசிகலா ஓசூரில், மகள் வீட்டில் இருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பினாயில் ஊற்றி நான்கு தடவை கழுவியும் போகாத மூத்திர வாடையும் தைல வாடையும், யாரோ அங்கே இப்போதுதான் புரண்டு படுத்ததுபோல, மெல்ல நகர்ந்து கூடத்துக்கு வந்தன.

மூன்றாவது தடவைக்குக் காத்திருக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவரே அப்பா தீர்த்தகிரிதான். அவர் கொல்லைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் திரும்பும் காலம். "இருட்டுல யாரு பேரச் சொல்லிக் கூப்ட்டாலும் ஒடனே ஏன்னு கேக்காதடா. பேய்க்கு ரெண்டு தடவதான் கூப்புட வரும். மூணாவது தடவ மனுசந்தான் கூப்புடுவான்." சொன்னபடியே நடந்தும் காட்டுவார். வாசலுக்கு வெளியே நின்று மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதற்கு அன்பு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுப்பான்.

நினைவு தப்பிய பிறகு அவருக்கு இரண்டு தடவைதான் முடிந்தது. மூன்றாவதற்குள் யாரைக் கூப்பிட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். இதை அன்பு சீக்கிரமே கண்டுகொண்டான். சும்மா இருந்தால் போதும்.

"கூப்புடறாருல்ல, போய்ப் பாருங்க" என்பாள் சசிகலா.

"மூணாவது தடவ கூப்புடட்டும்."

ஒருநாளும் அவள் அதற்குச் சிரித்ததில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போவாள்.

அப்பாவைக் கொண்டுபோய் விட, அவர்கள் ஊரான கடத்தூரிலேயே ஓர் இடம் இருந்தது. சந்தைக்குப் பின்தெருவில், ரோசம்மாள் தன் வீட்டிலேயே வைத்து நடத்தும் சின்ன முதியோர் இல்லம். கூடத்தில் ஏழு கட்டில். ஆறில் ஆள் இருந்தார்கள். ஒன்று காலி.

"சமையக்கட்டுல இருந்தாக்கூட இங்க முனகுனாக் காதுல வுழும் வாத்தியாரே. உங்கய்யா எப்படிக் கூப்புடுவாருங்க?"

"ரெண்டு தடவ."

"ஒண்ணே போதுங்களே."

அப்போது திறந்திருந்த ஜன்னல் வழியே, வெங்காய மூட்டையோடு போன ஒருவர் நின்று கும்பிட்டார். அவன் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பன். "வணக்கம் சார். இங்க எங்க சார்?"

அந்த வணக்கம்தான் முடிவு செய்தது. சசிகலாவிடம் வேறு சொன்னான். "அங்க டாக்டர் இல்ல, லிப்ட் இல்ல." அதியமான்கோட்டை தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற நாலு மாடிக் கட்டிடத்தில் இரண்டுமே இருந்தன. நூற்றிருபது படுக்கை. தலைமாட்டுக்கொரு பெல். கட்டிலுக்குக் கட்டில் கேமரா. "வூட்லருந்தே போன்ல பாக்கலாம், பேசலாம் சார்" என்றார் மேலாளர். அவனைத் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. அப்பா எப்படிக் கூப்பிடுவார் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இந்தப் பதினோரு நாளில் ஒருதரம்கூட அவன் அந்தக் கேமராவைத் திறந்து பார்க்கவில்லை.

"அன்பு."

பேனா கீழே உருண்டது.

"அன்பு."

எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினான். மடித்த மெத்தை. சுவரில் தலை எண்ணெய்க் கறை. ஆணியில் எப்போதும் தொங்கும் அவனுடைய பழைய நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் இல்லை. காலையில் பார்த்திருந்தான்.

இல்லத்துக்குப் போன் செய்தான்.

"மூணாவது மாடி சிஸ்டர் ஜெயபிரியா பேசறேன் சார்."

"தீர்த்தகிரியோட பையன். அப்பா கூப்ட்டுக்கிட்டே இருக்காரா?"

"மொத ரெண்டு நாளு கூப்ட்டாரு சார். நாப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேரு, பெல் அடிச்சாத்தான் எங்களுக்குத் தெரியும். அவருக்கு அமுக்கத் தெரியல. இப்பப் பரவால்ல. அதான் நீங்க வந்து உக்காந்துக்கறீங்களே."

"நானா?"

"ஒரு தடவ கூப்டறதுக்குள்ள ஏந்திரிச்சிடறீங்க. பக்கத்துப் பெட்டுக்காரங்கெல்லாம் சொல்றாங்க சார், பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்னு." அவள் குரல் லேசாகத் தயங்கியது. "இப்பத்தான உள்ள பாத்தேன். அதுக்குள்ள கீழ போயிட்டீங்களா?"

அவன் போனை வைத்தான். வெட்கம் முகத்தில் சூடாக ஏறியது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

கேமராவைத் திறந்தான். வட்டம் சுற்றியது. நின்றது.

கட்டிலில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மழித்த முகம். சுத்தமான வேட்டி. அவரருகே, கேமராவுக்கு முதுகு காட்டி ஒருவன். நீலக் கட்டம் போட்ட சட்டை. அப்பாவின் கை அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. மெதுவாக. விடாமல்.

அன்பு பேசும் பொத்தானை அமுக்கினான்.

"அப்பா."

அப்பாவின் கை நின்றது. தலை சாய்த்துக் கேட்டார். சட்டைக்காரன் அசைந்தான், அவன் தோளை அப்பா அழுத்தினார்.

"ஏன்னு கேக்காதடா."

மூன்று வருடத்தில் கேட்காத தெளிந்த குரல்.

"அப்பா."

"இரு. பேசாத." அப்பா கேமராவை நேராகப் பார்த்தார். இருட்டைப் பார்ப்பதுபோல. "மூணாவது தடவ கூப்புடட்டும்."

அன்பு வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை. மூச்சு வந்தது. உதடு அசைந்தது. மறுபடி திறந்தான்.

வரவில்லை.

திரையில் அப்பா காத்திருந்தார். பிறகு, நிம்மதியாக, மறுபடி அந்தத் தலையைத் தடவ ஆரம்பித்தார்.