பனை நின்ற இடம்

கச்சான் காற்று எழ இன்னும் நாலே நாள்தான். எழுந்துவிட்டால் மூன்று மாதத்துக்குக் கடலில் இறங்க முடியாது. அதனால்தான் அன்று காலை கஞ்சிகூடக் குடிக்காமல் பஞ்சவர்ணமும் தங்கை சீனியம்மாவும் வள்ளத்தைத் தள்ளினார்கள். கூடவே கடல் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் மெர்லின்.

தேடிப் போனது தங்கமோ முத்தோ இல்லை, உயிருள்ள பவளம். அந்தக் கோடையில் கடல் அப்படிச் சுட்டது. ஊருக்கு முன்னால் இருந்த பவளப்பாறை எலும்பாய் வெளுத்துச் செத்தது. மீன் போனது, பெண்கள் முங்கி எடுக்கிற பாசியும் போனது. புதுப் பவளம் நட மெர்லினின் ஆட்கள் கடலடியில் சிமெண்ட் பலகைகளை இறக்கிவிட்டார்கள். சூடு தாங்குகிற பவளம்தான் அகப்படவில்லை. அது கிடைக்காவிட்டால் பஞ்சவர்ணம் பிள்ளைகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான்.

ஆனால் அவளுக்கு ஓர் இடம் தெரியும். முன்பு ஒரு வருஷம் இதேபோல எல்லாம் வெளுத்தபோது, அம்மா பாசி எடுத்த இடத்தில் மட்டும் பவளம் தேன் நிறம் மாறாமல் இருந்ததை அம்மா அடையாளத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கரையிலுள்ள கோயில் கோபுரமும் மூக்குத்தீவின் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் தெரியவேண்டும். மேற்கே வெளிச்ச வீடும் உப்பளத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் சேருகிற இடத்தில் முங்கினால் போதும்.

கோபுரம் இருந்தது, தொட்டி இருந்தது. பனை இல்லை. தீவே இல்லை! கடல் ஏறியும் மண் அரித்தும் அது மூழ்கிப் பல வருஷமாகிறது.

பனை எங்கே நின்றதென்று தனக்கு மறக்காது என்றாள் பஞ்சவர்ணம். அவள் கை காட்டிய கணக்கில் போய் மூன்று தடவை முங்கினார்கள். மூன்று தடவையும் வெள்ளை எலும்புதான்.

"ஒன் நெனப்புல பனை நடந்து போயிருக்கும்போலக்கா" என்றாள் சீனியம்மா.

பஞ்சவர்ணம் வள்ளத்தை மூழ்கிய தீவுக்கே விடச் சொன்னாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவித் தடவி நடந்தாள். இங்கேதானே அம்மாவோடு இரண்டு நாள், மூன்று நாள் தங்குவார்கள்! பனையடியில் கல் கூட்டிய அடுப்பில் நண்டு வேகும். சீனியம்மா நடை பழகியதே இந்த மணலில்தான். விழுந்து எழுந்தால் முகமெல்லாம் மணல், அம்மா சிரித்துக்கொண்டே ஊதிவிடுவாள். இப்போது அந்த மணல்மேல் மீன் ஓடியது.

சொரசொரப்பாக ஏதோ பாதத்தில் தட்டியது. பனையின் அடிக்கட்டை! துடுப்பின் நுனியில் சிவப்புத் துண்டைக் கட்டி, கட்டைமேல் நிமிர்த்திப் பிடித்தாள்.

"நான் நிக்கிறேன். நீங்க போயி கோடு புடிங்க."

"தண்ணி ஏறுதேக்கா."

"ஏறட்டும். எனக்கு நீஞ்சத் தெரியும்ல. பனைக்குத்தான் தெரியாமப் போச்சு."

வள்ளம் தூரத்தில் புள்ளியானது. தண்ணீர் மார்புக்கு ஏறியது, பிறகு கழுத்துக்கு. நீரோட்டம் காலை வாரியது. துடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தாலும் கோடு தப்பிப்போகும். கட்டையைக் கால்விரல்களால் கவ்விக்கொண்டு, வாயில் புகுந்த உப்புத் தண்ணீரைத் துப்பித் துப்பி நின்றாள்.

வள்ளம் திரும்பியபோது தண்ணீர் தாடையில் இருந்தது. சீனியம்மா திட்டிக்கொண்டே அவளை வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டாள். அங்கே ஈரச் சாக்கு மூடிய அண்டாவில் கடல் தண்ணீர். அதில் தேன் நிறத்தில் அறுபது பவளத் துண்டு.

"அம்மா சொன்ன மாதிரியே இருக்குக்கா" என்றாள் சீனியம்மா.

அன்று மதியமே ஊர்ப் பெண்கள் எல்லோருமாக முங்கி, துண்டுகளைப் பலகைகளில் கட்டினார்கள். நாலாம் நாள் காற்று எழுந்தது.

காற்று அடங்கிப் பார்த்தபோது நாற்பத்தொரு துண்டு பிழைத்திருந்தது, நகக்கண் அளவு வளர்ந்தும் இருந்தது. துண்டுகளுக்கு நடுவே ஒரு குட்டி மீன் குடிவந்திருந்தது. அம்மாவின் இடத்தை நீயும் ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று சீனியம்மா கூப்பிட்டாள். ஆசைதான், ஆனாலும் பஞ்சவர்ணம் மறுத்துவிட்டாள். தப்பிப் பிழைத்ததை அடிக்கடி போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்றாள்.

சாயங்காலம் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மதினிக்குப் போன் போட்டாள்.

"இந்த வருசம் நான் வரல மதினி. இங்க கொஞ்சம் வேல இருக்கு."