அந்த ஒரு செயலிக்கு மட்டும்

சிறுவாச்சூருக்குக் கிழக்கே பருத்திக் காட்டில், மோட்டார் கொட்டகைக்குள் கருப்பண்ணன் செத்துக் கிடந்தார். வலது உள்ளங்கை கருகியிருந்தது.

எஸ்.ஐ. சுகன்யா போய்ச் சேர்ந்தபோது மின்வாரியத்து ஆள் இணைப்பைத் துண்டித்துவிட்டிருந்தார்.

"ஸ்டார்ட்டர் பெட்டியிலயே கரண்ட் பாஞ்சிருக்கு மேடம். உள்ள ஒரு வயரைத் தோலுரிச்சு இரும்போட சேத்து வச்சிருக்காங்க. எர்த் வயரையும் அறுத்திருக்காங்க. எலி வேலை இல்ல, கத்தி வேலை."

பூட்டு உடைபடவில்லை. கருப்பண்ணன் திறந்த சாவி அதிலேயே தொங்கியது.

ஊரார் ராஜாவைக் கைகாட்டினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், வரப்புத் தகராறு உள்ளவர். பிணத்தை முதலில் பார்த்தவரும் அவரே. ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள்.

சுகன்யாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கருப்பண்ணன் ஸ்டார்ட்டரில் கை வைத்தே நாளாயிற்று என்றார்கள். போனில் இருந்த செயலியில்தான் மோட்டாரைப் போடுவார், நிறுத்துவார். இன்று மட்டும் ஏன் கையால் போடப் போனார்?

வீட்டில் மகள் பிரவீணா அழுதபடியே, அப்பா காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை ஓடவிட்டாள்.

"பாப்பா, மோட்டார் ஆப்புல நெட்வொர்க் இல்லன்னு வருது. டவர் செத்துப்போச்சு போல. மடையத் திருப்பிட்டேன், கையாலயே போட்டுட்டு வரேன்."

"இந்தப் பக்கம் டவர் எப்பவும் இப்படித்தாங்க" என்றார் இறந்தவரின் தம்பி அறிவரசன். செய்தி கேட்டு அரியலூரிலிருந்து திரும்பி வந்திருந்தார்.

சுகன்யா பிரவீணாவிடம் கேட்டாள். "இது எப்ப வந்துச்சு?"

"பேசுன உடனே வந்துச்சு மேடம். காட்டுலேருந்துதான் பேசுனாரு. பின்னால மாடு கத்துறது கேக்குது பாருங்க."

சுகன்யா இறந்தவரின் போனை எடுத்துச் செயலியைத் திறந்தாள். வீட்டு வை-ஃபையில் உடனே திறந்தது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லை என்று சரியாகக் காட்டியது. போனோடு காட்டுக்கு நடந்தாள். அங்கே 'நெட்வொர்க் பிழை'. அதே இடத்திலிருந்து தன் எண்ணுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். நொடியில் போய்ச் சேர்ந்தது.

அமைப்புகளைத் திறந்தாள். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒரு செயலிக்கு மட்டும் மொபைல் டேட்டா அணைக்கப்பட்டிருந்தது.

திரும்பி வந்து கருப்பண்ணனின் மனைவி வேம்பு அருகில் உட்கார்ந்தாள்.

"வெளியில வச்சு இந்த ஆப் கடைசியா எப்பம்மா வேலை செஞ்சது?"

"நேத்து பெரம்பலூர்லேருந்து வரும்போது, பஸ்ஸுல இருந்தே மோட்டாரை நிறுத்திட்டேன்னாரு."

"வூட்டுக்கு வந்தப்புறம் போனை யாரு வாங்குனது?"

வேம்புவின் பார்வை மெல்லக் கொழுந்தனார் பக்கம் திரும்பியது. "தம்பிதான்... போட்டோ பாக்கணும்னு வாங்குனாரு. ராத்திரி இங்கதான் தங்கிட்டு, விடிகாலையில கெளம்புனாரு."

"கொட்டகைச் சாவி?"

"கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டியிருக்கும்."

அறிவரசன் எழுந்தார். "அண்ணன் சாகும்போது நான் அரியலூர் பஸ்ஸுல இருந்தேன்! டிக்கெட் இருக்கு!"

"நீங்க பக்கத்துல இருக்கணும்னு அவசியமே இல்லையே. விடியறதுக்கு முன்னாடி சாவிய எடுத்துட்டுப் போயி வயரை அறுத்தீங்க. சாவியத் திரும்ப மாட்டிட்டு பஸ் ஏறிட்டீங்க. ஆப் ஓடலன்னா அவரு பெட்டியத் தொட்டுத்தான் ஆகணும். டவர் இல்லன்னு அவரு சொன்னத எல்லாரும் கேட்டீங்க. டவர் இல்லாம அந்தப் பேச்சு எப்படி வந்து சேந்துச்சுன்னு யாரும் கேக்கல. இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத ராஜாவுக்குப் போனும் கெடைக்காது, சாவியும் கெடைக்காது."

அறிவரசன் மறுபடி உட்கார்ந்தார். "காட்டக் குவாரிக்குக் குடுத்துரலாம்னு எத்தனையோ தடவ கேட்டேன். கையெழுத்தே போடமாட்டேன்னுட்டான்..."

வேம்பு அழவில்லை. "அதுக்காகவா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் ராஜாவை விட்டார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த சுகன்யாவை அவர் கையமர்த்தினார்.

"அது கெடக்கட்டும் மேடம். அவங்க மோட்டாருக்குத்தான் சீல் வச்சிட்டீங்களே, பருத்தி காய் பிடிக்கிற நேரம். எங் கெணத்துலேருந்து தண்ணி திருப்பி விடவான்னு அந்த அக்காகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? நான் கேட்டா ஒத்துக்க மாட்டாங்க."