‘நிச்சயமா?’ என்று கேட்கும் வரி

‘நிச்சயமா?’ என்று அது கேட்கவில்லை.

அவள் விரல்கள் அந்தக் கேள்விக்காக விசைகளின் மேல் காத்திருந்தன. நான்கு வருடமாக ஒரு முறைகூடத் தவறாமல் கேட்டது. ‘ஆம்’ என்று முழுச் சொல்லையும் அடித்தால்தான் மேலே நகரும். அப்படித்தான் அவள் எழுதிவைத்திருந்தாள். இன்று எண்டரைத் தட்டிய மறு நொடியே கறுப்புத் திரையில் ‘முடிந்தது’ என்று வந்து நின்றது.

சனிக்கிழமை மதியம். நாற்பது மேசைகள் கொண்ட ஆறாவது மாடியில் அன்று மூன்று பேர்தான் இருந்தார்கள். ஜன்னல்களின் மடக்குத் திரைகளின் இடுக்கு வழியாக வெயில் கீற்றுக் கீற்றாகத் தரைவிரிப்பில் விழுந்து, அதில் ஊறியிருந்த பழைய தூசியைச் சூடாக்கி ஒரு வாசனையை எழுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் மேலாளர். அடுத்தவர் செய்த வேலையை அழகான படங்களாக்கித் தன் பெயர் போட்டு மேலிடத்துக்குக் காட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்லைடு சார். ஜன்னலோரத்தில், சரக்கு இருப்புக் கணக்கைப் பார்ப்பதால் கிடங்குக்காரர் என்று பெயரான ஒருவர், பதினோரு வருடச் சாமான்களை ஓர் அட்டைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நேற்றுத்தான் அவரிடம் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அப்படி அனுப்பப்படுபவர்களை அலுவலகக் கணினிகளிலிருந்து நீக்குவதுதான் இன்று அவள் வேலை. ஒருவருக்கு ஏழு கட்டளைகள்: கணக்கை மூடு, கடிதங்களை அழி, கதவு அட்டையை முடக்கு, கோப்புறையைத் துடை என்று நீளும். ஒரே வரியை மூன்றாவது முறை அடிக்க நேர்ந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். உடனே அதற்கு ஒரு ஷார்ட்கட் எழுதிவிடுவாள். இந்த ஏழுக்கும் சேர்த்து அவள் வைத்த பெயர் ‘போ’. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஆளின் பெயர். அவ்வளவுதான். பட்டியலில் முதல் பெயர் கிடங்குக்காரருடையது; சற்றுமுன் அவள் அடித்தது அதைத்தான்.

அவள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். மேலே, எழுதியவர் என்ற இடத்தில், ஸ்லைடு சாரின் பெயர் இருந்தது. ‘நிச்சயமா?’ என்று கேட்கும் வரி இருந்த இடத்தில், ‘நேரத்தை வீணாக்கும் வரி நீக்கப்பட்டது’ என்று ஒரு குறிப்பு. அவளுக்குக் காது சூடேறியது. நான்கு வருட உழைப்பைத் திருடினான், சரி. திருடியதைக் கெடுத்தும் வைத்திருக்கிறான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். கிடங்குக்காரருக்கு மூக்கடைப்பு. காலையிலிருந்து அவர் விட்ட ஒவ்வொரு மூச்சும் மெல்லிய விசில்போல ஏசியின் இரைச்சலுக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது ஏசி மட்டும்தான். திரும்பிப் பார்த்தாள். அவருடைய நாற்காலி யாரோ எழுந்துபோன வேகத்தில் மெதுவாகச் சுற்றி, சுவரைப் பார்த்து நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தாள். பெட்டி இல்லை. மேசை மேல் தூசி சீராகப் படிந்திருந்தது, ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லாமல். லிஃப்ட் மேலே வரவே இல்லை. கீழே காவலாளிக்குப் போன் செய்து, ஜன்னல் பக்கத்துக்காரர் வெளியே போனாரா என்று கேட்டாள்.

“அந்த சீட்டுல யாரும்மா இருந்தாங்க? நான் வந்ததுலேருந்து காலியாதானே கெடக்கு” என்றார் அவர்.

அரை மணி நேரத்துக்கு முன் கிடங்குக்காரர் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டினார். தன்னை நீக்கப்போகிறவள் இவள்தான் என்று தெரிந்தேதான் நீட்டினார். குப்பைக்கூடையில் தோல் இல்லை. விரல்களை முகர்ந்து பார்த்தாள். ஆரஞ்சு வாசனை இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் அவசரமாக எழுதினாள்: ‘ஜன்னல் சீட். ஆரஞ்சு கொடுத்தார். போ அடித்தேன். இல்லை.’

பட்டியலில் இன்னும் இரண்டு பெயர்கள் பாக்கி. அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் ஸ்லைடு சார் கதவைத் திறந்துகொண்டு வந்து, இன்னுமா முடியவில்லை என்று கேட்டார். கோப்பைத் தொட்டது யார் என்று அவள் கேட்டாள். தானேதான் என்றார், வெட்கமே இல்லாமல்.

“அது நான் எழுதினது சார்.”

“அப்படின்னு எங்கம்மா எழுதியிருக்கு?”

அவள் அந்த ஜன்னல் சீட்டைப் பற்றிக் கேட்டாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், இவளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். “உனக்கு வேலை செய்ய இஷ்டமில்லன்னா சொல்லிடு. நாலரைக்குள்ள பட்டியலை முடி. இல்லன்னா நாலாவது பேரா உன் பேரைச் சேர்க்கறேன். அதையும் நீயே அடி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். போய்விட்டார்.

இந்த மனிதனுக்காக எத்தனை சனிக்கிழமைகள். மணிக்கட்டைப் பார்த்தாள். காலையில் கிளம்பும்போது மகள் நீலப் பேனாவால் அங்கே ஒரு கைக்கடிகாரம் வரைந்திருந்தாள். அதில் மணி எப்போதும் நான்கு. நான்கு மணிக்கு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவதாகச் சத்தியம். போன வாரமும் அதே சத்தியம், அதற்கு முந்தின வாரமும்.

மேசையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. தன் கையெழுத்துதான். ஜன்னல் சீட். ஆரஞ்சு. விரலை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் இருந்தார் என்பது தெரிந்தது; முகம் வரவில்லை. குரலும் வரவில்லை. அது வெறும் கணக்கை மட்டும் மூடவில்லை. ஆளையே முழுதாகத் துடைக்கிறது. நினைவிலிருந்தும், கொஞ்சம் கொஞ்சமாக.

அப்புறம் அவள் செய்தது பயத்தில் செய்ததல்ல. கோபத்தில் செய்தது. அலுவலகக் கணக்குகளுக்கிடையே ஸ்லைடு சாரின் பெயரைத் தேடி எடுத்தாள். பட்டம், பதவி எல்லாம் சேர்த்து, இடைவெளியே இல்லாமல் இருபத்தேழு எழுத்தில் வைத்திருந்தான் பாவி. தேடிய வரியின் கடைசியில் அது நீளமாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேசை மேல் போன் அதிர்ந்தது. மகள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். வீட்டிலிருந்து வரும் படங்களும் பதிவுகளும் இந்தக் கணினியில் ஒரு கோப்புறைக்கு நேராக வந்து சேரும்படி அவள்தான் செய்துவைத்திருந்தாள். வாரம் முழுக்க இங்கேயே கிடப்பவளுக்கு வேறு வழி? கோப்புறையின் பெயர் சுண்டு. சுண்டெலி மாதிரி ஓடுகிறாள் என்று மகளுக்கு அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். திறக்கும் கட்டளையும் அந்தப் பெயரும் அடித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“அம்மா, உன் வாட்ச்ச பாரு. நாலாயிடுச்சு. நான் நீச்சல் டிரெஸ்கூட போட்டுட்டேன். இன்னைக்கும் வரலன்னா நான் உன்கூட டூ.”

கண்ணாடியில் டொக் டொக்கென்று சத்தம். ஸ்லைடு சார் மோதிரம் போட்ட விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தன் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார். பிறகு அவளைச் சுட்டினார். பிறகு கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டிச் சிரித்தார்.

போதும்.

‘போ’ என்று அடித்தாள். இடைவெளி. இருபத்தேழு எழுத்தை யார் அடிப்பது? இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால் முந்தின வரியின் கடைசிச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வது. தலையைக் கேட்காமலே விரல் செய்யும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தச் சிரிப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்டரைத் தட்டினாள்.

அவர் அங்கேயே நின்றார்.

இன்னும் சிரித்துக்கொண்டு. போனைக் காதில் வைத்தார். யாரிடமோ பேசினார்.

காதில் சத்தம் இல்லை. பதிவு ஒரு தடவை ஓடி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஓடவில்லை.

திரையைப் பார்த்தாள். ‘முடிந்தது.’

அதற்கு மேல் வரி. இரண்டு சொல். இரண்டுமே சின்னவை.

போ சுண்டு.

கேட்டிருந்தால். ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால்.

வீட்டு எண் மூன்று தடவை தவறியது. நான்காவது தடவை கணவன் எடுத்தான். குழந்தையிடம் போனைக் கொடு என்றாள். மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“எந்தக் குழந்தை?”

அவள் பேரைச் சொன்னாள். செல்லப்பெயரைச் சொன்னாள். நீ வைத்த பெயர்தான் என்று கத்தினாள்.

“டாக்டர் கைய விரிச்ச அன்னைக்கே, இதைப் பத்திப் பேசறதில்லன்னு நாம முடிவு பண்ணோம்” என்றான் அவன். “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஏன் இப்படி வதைக்கறே?” அவன் அழுதுகொண்டிருந்தான்.

போன் கீழே விழுந்தது.

திரும்பக் கொண்டுவர வழியில்லை. அவளுக்குத் தெரியும். அந்த ஏழு கட்டளைகளையும் எழுதியவளே அவள்தான், ஓட்டை வைக்காமல் எழுதியிருந்தாள்.

மணிக்கட்டு. கடிகாரம் இருந்தது. வார் இருந்தது. பன்னிரண்டு இருந்தது. பெரிய முள் வெளுத்துக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்தாள். முள்ளின் மேலேயே மறுபடி வரைந்தாள். வட்டத்தின் மேல் வட்டம். பேர் என்ன, பேர் என்ன, திரையில் இருக்கிறது, பார்த்து எழுது. கண்ணை எடுத்தால் கடிகாரம் போய்விடும். எடுக்கவில்லை. ஏதோ ஒரு பல் விழுந்திருந்தது. மேல் பல்லா, கீழ்ப் பல்லா? டூ என்று யார் சொன்னது? அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். மை நீலமாக வரவில்லை.

காலடிச் சத்தம் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. ஸ்லைடு சார் குனிந்து திரையைப் படித்தார். அவருடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

“சுண்டுவா? பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்லையே. யாரும்மா அது?”

அவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் கொதித்து ஏறிக்கொண்டே வந்தது. அது யார் மேல் என்று அவளுக்குப் புரியவில்லை.

“தெரியலை சார்” என்றாள்.

பேனா மட்டும் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. மேசை விளிம்பிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.